மூன்று பீரிஸ் கோதுமை

பிரான்ஸ் தேசத்தின் தெற்குப் பக்கத்தை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே ஒரு சிறு கிராமத்தில், தேவாலயப் படியால் இறங்கினால் இடது கைப்பக்கம் பாண் சுடும் போறணை, வலது கைப்பக்கம் தண்ணீர்க் குழாயடி, அதற்கு எதிரே நாலு பிளேன் மரங்கள், அந்த மரங்களின் கீழே ஆண்கள் இரும்புக் குண்டு எறிந்து விளையாடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். செப்டெம்பர் மாதம் திராட்சை வெட்டும்போது அந்த ஊர் என்ன மணம் மணக்கும் என்றுகூடச் சொல்லுவேன். எல்லாம் மெல்பேணில், ரோவிலில், எங்கள் வேலிக்கு அடுத்த பக்கத்தில் படித்த படிப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஆண்டவன் பிறகு கொடுத்த வகுப்பு அது. அந்த வகுப்பில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் நிறக்காரருக்கு இந்த நாட்டுக் கதவு திறந்த புதிது. இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை தெரிந்தவன் என்ற ஒரே தகுதியோடு யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த நாளில் ரோவில் என்றால் முன்னால் தார் றோட்டு, பின்னால் மாடு மேயும் வெளி. மெல்பேண் முழுக்கத் தேடினாலும் கும்பிட ஒரு கோயில் கிடையாது. சின்ன அறைத் துணி அலுமாரியின் நடுத்தட்டைத் துடைத்து, பிள்ளையார் படத்தையும் முருகன் படத்தையும் வைத்து, முன்னால் ஒரு சீலைத் துண்டைத் தொங்கவிட்டு, அதையே கோயிலாக்கிக் கொண்டோம். பிள்ளை இல்லாத வீடு. வேலையால் வந்து விளக்குக் கொளுத்தி ஒரு பதிகம் பாடினால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் இருக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. இருபது வருடத்துக்கு முன்னர் கப்பலில் வந்தவர்கள். அவர்களுக்கும் பிள்ளை இல்லை. புருஷன் எங்கள் தொழிற்சாலையிலேயே வெல்டிங் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டு அவரை முசியே என்றும் மனைவியை மதாம் என்றும் கூப்பிடத் தொடங்கினோம். ஒரேயொரு தடவை தவிர, கடைசிவரை அதுவே நின்றுவிட்டது. நாங்கள் நாலு பேரும் கதைத்தது நாலு விதமான உடைந்த ஆங்கிலத்தில். அதை உள்ளபடி எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. அவர்கள் சொன்னதையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் மனதில் அப்படித்தான் பதிந்து கிடக்கிறது.

பழக்கம் தொடங்கியது மத்தியானச் சாப்பாட்டில். தொழிற்சாலையில் அதற்கு அரை மணித்தியாலம்தான். மற்றவர்கள் நின்ற நிலையில் எதையோ விழுங்கிவிட்டுச் சிகரெட் பற்றப் போய்விடுவார்கள். முசியே மட்டும் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, கட்டம் போட்ட துணி விரித்து, பாணைக் கையால் பிய்த்து, அதன்மேல் ஒரு பல் பச்சை உள்ளியைத் தேய்த்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, உப்புத் தூவி, ஆறுதலாகச் சாப்பிடுவார். நான் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பிப் போவார்கள். முசியே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தார்.

“இந்த நாட்டில ஆக்கள் சாப்பிடுறேல்லை. காருக்குப் பெற்றோல் அடிக்கிற மாதிரி அடிச்சுப்போட்டுப் போறாங்கள்,” என்றார். என் கத்தரிக்காய்க் குழம்பில் பாணைத் தோய்த்து வாயில் வைத்தவருக்குக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. “இதுக்குள்ள என்ன, என்ரை வெல்டிங் நெருப்போ?”

“இது மனிசி எனக்காக உறைப்புக் குறைச்சுக் காய்ச்சினது,” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர்கள் விடியப் பூசைக்குத் தேவாலயம் போய் வருவார்கள். நாங்கள் எங்கள் அலுமாரிப் பூசையை முடித்துக்கொண்டு போனோம். பின்வளவில் ஒரு திராட்சைப் பந்தல், அதற்குக் கீழே நீட்டு மேசை, உட்கார வாங்குப் பலகை. வேலியோரம் லவெண்டர். தகரப் பீப்பாவைப் பாதியாக வெட்டி அதில் வைத்த இரண்டு ஒலிவ் மரம். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழும்பியபோது நாலு மணி. ஒன்று வரும், கதைப்போம், அடுத்தது வரும். நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடாதவர்கள் என்று முசியே முன்பே சொல்லிவைத்திருந்தார். மதாம் கத்தரிக்காய், தக்காளி, வெங்காயம், உள்ளி எல்லாம் போட்டு எண்ணெயில் வேகவைத்த ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

மனைவி என் காதுக்குள், “இஞ்சரப்பா, இது எங்கட கறிதான். பாவம், தூள் போட மறந்துபோனா,” என்றாள்.

முசியே எனக்கு வைன் ஊற்ற வந்தார். வேண்டாம் என்றேன்.

“உம்மடை கடவுள் திராட்சையில என்ன குற்றம் கண்டவர்?”

“கடவுள் ஒண்டும் சொல்லேல்லை. பக்கத்தில இருக்கிறவதான்.”

மதாம் சிரித்தார். மெலிந்த, கூர்மையான முகம். சிரித்தால் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்வார். அது சிரிப்பின் பழக்கம் என்று நினைத்திருந்தேன். வயிற்றில் ஒரு கட்டி எடுத்திருக்கிறது, அந்தத் தழும்பு இழுக்கும் என்பது பிறகுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் அந்தப் பந்தல்தான். சாப்பாட்டுக்குப் பின் சரளைக்கல் பரப்பிய இடத்தில் ஒரு சின்ன மரக் குண்டை எறிந்துவிட்டு, அதற்குக் கிட்டப் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை எறிவோம். முசியே ஒவ்வொரு முறையும் முழந்தாளிட்டு நூல் பிடித்து அளந்து வழக்காடுவார். “இரும்புக் குண்டு எறியவோ கடல் தாண்டி வந்தனீங்கள்?” என்று மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு அவளும் இரண்டு எறிவாள். அவளுக்கு நல்ல கை.

சில ஞாயிறுகளில் அவர்களுடைய பழைய காரில் டண்டினோங் மலைப் பக்கமோ யாரா பள்ளத்தாக்குப் பக்கமோ போவோம். மதாம் முன் இருக்கையில் ஏறினால் போய்ச்சேரும் இடத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. றோட்டோரம் தேன் விற்கிறார்கள் என்றால் நிற்க வேண்டும். செரிப்பழம் என்றால் நிற்க வேண்டும். தக்காளியை மூக்கில் வைத்து மணந்து பார்த்து, அந்தத் தோட்டக்காரியோடு மண்ணைப் பற்றி அரை மணி கதைத்து, கடைசியில் இரண்டு பழம் வாங்கிக்கொண்டு வருவார். புல்லில் வெள்ளை மேசைத்துணி விரிப்பார். கடதாசித் தட்டு அவருக்கு ஆகாது. பீங்கான் தட்டு, துணிக் கைக்குட்டை, உப்புக்கு ஒரு மரக்கிண்ணம். “அங்கை எல்லாரும் இப்பிடித்தான்,” என்பார். அவருடைய பேச்சில் ‘அங்கை’ என்றால் அந்த ஊர். ‘இஞ்சை’ என்று அவர் அதிகம் சொல்லிக் கேட்டதில்லை.

ஒருமுறை இருபக்கமும் பிளேன் மரம் நின்ற ஒரு றோட்டு வந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, நடு றோட்டில் நின்று மேலே பார்த்தார். ஒரு அடிமரத்தைத் தடவினார். திரும்பி வந்து ஏறி, “மரம் சரி. வெளிச்சம் பிழை,” என்றார்.

மாரி காலத்தில் வெளியே போக முடியாத பின்னேரங்களில் முசியே சுவரில் படுக்கைச் சீலையைக் கட்டி, கருவியில் சிலைட் போட்டுப் படம் காட்டுவார். அந்த ஊரில் இருக்கும் மதாமின் தமக்கை தபாலில் அனுப்பிய படங்கள். பாண் போறணை, குழாயடி, கூடை சுமந்த திராட்சைக்காரர்கள், மேசையை வீதியில் இழுத்துப்போட்டு ஊரோடு சாப்பிடும் ஒரு திருவிழா. நாற்பது படம்தான். அதையே எத்தனை முறை பார்த்தோம் என்று கணக்கில்லை. எங்களுக்கும் அந்த மனிதர்கள் சொந்தக்காரர் போலாகிவிட்டார்கள். “இந்தத் தொப்பிக்காரர் இப்ப சுகமா இருக்கிறாரோ?” என்று மனைவி விசாரிப்பாள்.

அந்த வீட்டில் நடைபாதைச் சுவரோடு ஒரு தகரப் பெட்டி இருந்தது. மதாம் ஊருக்குப் போகக் கட்டி வைத்தது. வந்த நாளிலிருந்து ஒருதரமும் திரும்பிப் போகாதவர். “செப்டெம்பரில போய், ஒரு திராட்சை வெட்டு முழுக்க நிண்டுட்டு வரவேணும். வேற ஒண்டும் வேண்டாம்,” என்று சொல்லுவார். முதலில் வேலை, பிறகு வீடு, பிறகு அந்தக் கட்டி. ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போனது. மாதத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்து, தமக்கைக்கு எடுத்த துணிகளை வெளியே எடுத்து மறுபடி மடித்து வைப்பார். “நாங்கள் போகேக்க நீங்களும் வாருங்கோ, கூடை தூக்க ஆக்கள் வேணும்,” என்பார். நாங்களும் ஓம் ஓம் என்போம். அது பகிடி என்று நினைத்ததில்லை. உண்மையாகவே போவோம் என்று நம்பினேன்.

கோதுமைக் கதைக்கு வருகிறேன்.

டிசெம்பர் நாலாம் திகதி அவர்களுக்கு ஒரு புனிதப் பெண்ணின் நாள். அன்றைக்கு மதாம் மூன்று பீரிஸில், தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற அந்தப் பீரிஸில், பஞ்சை நனைத்துக் கோதுமை தூவி யன்னலோரம் வைப்பார். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வர ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று நிற்கும். நடுவில் சிவப்பு நாடா கட்டுவார். நத்தாருக்கு முதல்நாள் விருந்து மேசையில் மூன்று வெள்ளைத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மூன்று மெழுகுதிரி கொளுத்தி, இந்த மூன்று பீரிஸையும் வைப்பார்கள். அன்றைக்கு இறைச்சி கிடையாது. கடைசியில் பதின்மூன்று வகை இனிப்பும் பழமும் கொட்டையும். வராத ஒருவருக்காக ஒரு தட்டு மிச்சமாக இருக்கும். கோதுமை நேராக நின்றால் வரும் வருடம் நல்ல வருடம். சாய்ந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

இதை முதன்முறை கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது. நவராத்திரிக்கு நாங்களும் கும்பத்தடியில் ஈரமணலில் நவதானியம் போடுகிறவர்கள் அல்லவா. வெயில் படாமல் சாமியறையில் வெளிர் மஞ்சளாக முளைத்து வரும். பத்தாம் நாள் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிடுவோம். அதை வீட்டில் வைத்து வாட விடக்கூடாது. வாடினால் வீட்டுக்கு ஆகாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம், ஆகவே கடலில் விடுவோம். இதையெல்லாம் மதாமுக்குச் சொன்னேன்.

“உங்கட சாமியும் எங்கட சாமியும் ஒரே விதைக்கடையில வாங்கியிருக்கினம்,” என்றார். அந்த வருடம் அவருடைய கோதுமை கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. “யன்னல் பக்கம் வெளிச்சம் தேடிச் சாய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான்,” என்று முசியே சொன்னார். மதாம் பீரிஸைத் திருப்பி வைத்தார்.

அடுத்த வருடம் ஓகஸ்டில் மதாமுக்கு மறுபடி வலி வந்தது. ஞாயிற்று விருந்துகள் குறைந்து, பிறகு நின்றன. முசியே தொழிற்சாலையில் கட்டத் துணியை விரிக்காமல் நின்றபடி சாப்பிடத் தொடங்கினார். டிசெம்பர் நாலாம் திகதி மதாம் கட்டிலில் இருந்தபடியே மூன்று பீரிஸிலும் கோதுமை போட்டார். ஒரு கிழமையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முசியே வேலையால் நேரே அங்கே போய், இருட்டித்தான் வருவார். யன்னலடியில் இருந்த பீரிஸ்களை ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தண்ணி தெளிச்சா காணும். அவ ஒவ்வொரு நாளும் கேக்கிறா, எப்பிடி நிக்குது எண்டு.”

“நீங்கள் யோசிக்காதேங்கோ,” என்று மனைவி வாங்கினாள். வாங்கி நேரே சாமி அலுமாரியில் கொண்டுபோய் வைத்தாள். நோயாளியின் பேரில் வைத்த முளை, சாமிக்குக் கிட்ட இருந்தால் நல்லது என்று இரண்டு பேருக்கும் பட்டது. வெளிச்சத்தைப் பற்றி நாங்கள் நினைக்கவில்லை. எங்கள் முளை இருட்டில்தானே வளரும்.

மார்கழி மாதம். ஒவ்வொரு காலையும் விளக்கு வைத்து, தண்ணீர் தெளித்து, மதாமின் பேரைச் சொல்லிக் கும்பிட்டேன். முளை உயர்ந்தது, ஆனால் நாளுக்கு நாள் மஞ்சளித்தது. நத்தாருக்கு நாலு நாள் முன்னர் நுனி கருகி, பஞ்சில் ஒரு புளித்த மணம் வந்தது. அதே நாள்தான் முசியே வேலைத்தளத்தில் சொன்னார், நத்தாருக்கு வீட்டுக்கு விடமாட்டார்களாம் என்று. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரிச் சீலையை விலக்கினேன். வாடத் தொடங்கிவிட்டது. ஒரு சீவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவர் பேரில் வைத்த முளை என் சாமிக்கு முன்னால் வாடிக்கொண்டு நிற்கிறது. விருந்து இல்லை என்றால் மேசைக்கும் வேலை இல்லை. முழுக்க வாடுவதற்கு முன்னர் முறைப்படி வழியனுப்ப வேண்டும்.

“முசியேயை ஒரு சொல்லுக் கேட்டுட்டுச் செய்யுங்கோவன்,” என்றாள் மனைவி.

“சாமி விசயத்தில அவரை என்னத்தைக் கேக்கிறது? அந்த மனுசனுக்கு இப்ப இதுவும் ஒரு பாரமோ?”

“அது அவையின்ரை சாமியப்பா.”

“முளை எல்லாருக்கும் முளைதான். நீர் சும்மா இரும்.”

சும்மா இரும் என்று நான் சொன்ன அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

குளித்து, திருநீறு பூசி, மூன்று பீரிஸையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, பின்னேர வெயிலில் புல்வெளிக்கு அப்பால் இருந்த ஓடைக்குப் போனேன். கரையில் கற்பூரம் கொளுத்தினேன். மதாமுக்குச் சுகம் வர வேண்டும், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி, பஞ்சோடு முளையைத் தண்ணீரில் விட்டேன். மெல்ல நகர்ந்து நாணலுக்குள் மறைந்தது. வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன் என்ற நிறைவோடு திரும்பி வந்தேன். மனைவி பீரிஸ்களைக் கழுவிக் குசினியில் கவிழ்த்து வைத்தாள்.

நத்தாருக்கு முதல்நாள் காலை ஒன்பது மணிக்கு முசியே வாசலில் நின்றார். முகம் சவரம் செய்திருந்தது. டாக்டர் மனம் மாறி ஒரு பகல் மட்டும் வீட்டுக்கு விடுகிறாராம். பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பிக் கொண்டுபோய் விட வேண்டும். ஆகவே இரவு விருந்தைப் பகலில் வைக்கப் போகிறார்.

“மூண்டு துணியும் எடுத்துவைச்சிட்டன். கோதுமையைத் தாங்கோ. அவ முதல் கேட்டது அதைத்தான்.”

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முசியே குசினிக்குள் வந்து, கவிழ்ந்து கிடந்த மூன்று பீரிஸையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பன்னிரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு வருவன்,” என்றார் கடைசியில். “அவவுக்குச் சொல்லவேண்டாம்.”

கடையெல்லாம் திரிந்தாலும் மூன்று மணித்தியாலத்தில் கோதுமை முளைக்குமா. வெளியில் புல்லெல்லாம் இந்த நாட்டு டிசெம்பர்க் கோடையில் காய்ந்து வைக்கோல் நிறம். பச்சை என்று இருந்தது நான் ஒவ்வொரு பின்னேரமும் தண்ணீர் விட்டு வளர்த்த முன்வளவுப் புல் மட்டும்தான். மனைவிதான் அதைக் காட்டினாள். கத்தியால் வேரோடு கீறி எடுத்து, பீரிஸ் அளவுக்கு வெட்டி, கீழே புதுப் பஞ்சு வைத்து, அவளுடைய சிவப்பு நாடாவைக் கிழித்துக் கட்டினோம். தூரத்தில் பார்க்க அப்படியே இருந்தது. நான் செய்த பொய்களில் அதுபோல அழகான பொய் வேறில்லை.

நடுப்பகல் வெயிலில் பந்தலின் கீழே மூன்று மெழுகுதிரி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சுடரே தெரியவில்லை. மேலே காற்று மட்டும் நடுங்கியது. முசியே கத்தரிக்காய்ச் சாப்பாட்டைத் தானே சமைத்திருந்தார். பதின்மூன்று இனிப்பும் இருந்தன. மதாமைக் கதிரையில் தலையணை வைத்து இருத்தினோம். ஒரு திராட்சை வற்றலை வாயில் போட்டு நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு பீரிஸைக் கிட்ட இழுத்து, ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். கோதுமை வயலில் பிறந்து வளர்ந்தவர் அவர். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா நேரா நிக்குது,” என்றார் முசியேயைப் பார்த்து. முசியே தலையாட்டிவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனார்.

அவர் உள்ளே போனதும் மதாம் என் பக்கம் திரும்பினார். “என்ரை கோதுமையை எங்கை வைச்சனீங்கள்?”

அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. “வாடத் தொடங்கிச்சுது. ஓடையில விட்டிட்டன். எங்கட முறை. உங்கட பேரைச் சொல்லித்தான் விட்டனான்.”

“அது ஓடுற தண்ணியோ?”

“ஓம்.”

“எங்கை போகும்?”

“கடலுக்குத்தான்.”

மதாம் அந்த இலையை விட்டுவிட்டார். “அப்ப, எனக்கு முன்னமே வெளிக்கிட்டிட்டுது,” என்றார். என் மனைவி எழும்பி அவருடைய காலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முசியே தண்ணீரோடு வந்தார். நாலு மணிவரை இருந்தோம். பழைய ஞாயிறுகளைப் போல ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டே இருந்தது, ஆனால் ஒருவரும் ஒன்றையும் முடிக்கவில்லை. புறப்படும்போது மதாம் நடைபாதையில் நின்று அந்தத் தகரப் பெட்டியின்மேல் கையை வைத்துவிட்டுப் போனார்.

தைப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். எங்கள் நாட்டுச் சனத்தைப் போல இருபது முப்பது பேர் கூடிச் சத்தமிட்டு அழுவது அவர்கள் வழக்கம் இல்லை. தேவாலயத்தில் பதினைந்து பேர் நின்றார்கள். இந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு முசியே வேலியடியில் வந்து நின்றார்.

“எனக்கு அந்த இடத்தைக் காட்டும்.”

“எந்த இடம்?”

“கோதுமை விட்ட இடம். அவ ஆஸ்பத்திரியில நேர்ஸ்மாருக்கெல்லாம் சொன்னவ. என்ரை கோதுமை கடலில போகுது, இப்ப எங்கை நிக்கும், இப்ப எங்கை நிக்கும் எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவ. நானும் ஒவ்வொரு ஊராச் சொல்லிக்கொண்டு இருந்தன். கடைசி நாள் கொழும்பு தாண்டிட்டுது எண்டு சொன்னனான்.”

கொழும்பு அவர்கள் கப்பலில் வந்த வழி. இரண்டு பேரும் புல்வெளியைக் கடந்து போனோம். நான் கற்பூரம் கொளுத்திய கல்லில் கறுப்புத் தடம் அப்படியே இருந்தது. ஓடையைப் பார்த்தேன். தண்ணீர் குறைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையாக நின்றது. நான் ஆறு இல்லாத ஊரில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் கிணறு உண்டு, குளம் உண்டு, கடல் உண்டு. ஆறும் ஓடையும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்ததுதான், அதில் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கோடையில் ஓடை நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது.

நாணலுக்கு அந்தப் பக்கம் இருபது அடி தள்ளி, ஒரு பழைய கார் டயரோடு ஒட்டிக்கொண்டு மூன்றும் கிடந்தன. பஞ்சு கறுத்திருந்தது. முளை அழுகிப் பாசி படர்ந்திருந்தது. கடலுக்கும் போகவில்லை, கொழும்புக்கும் போகவில்லை. நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பியதும் அங்கேயே நின்றிருக்கிறது.

முசியே சப்பாத்தைக் கழற்றவில்லை. அப்படியே இறங்கினார். சேற்றில் முழங்கால் புதைய நடந்துபோய், அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தார். நான் தாங்கமாட்டாமல் அவருடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பேர் சொன்னேன்.

“அவ பார்க்கேல்லை,” என்றார். “அதுவே போதும்.” பிறகு, “அவவுக்குப் புல்லும் தெரியும், கோதுமையும் தெரியும். உம்மடை புல் நல்ல புல் எண்டு சொன்னவ.”

அவர்கள் முறைப்படி அந்தப் பண்டிகைக் காலம் முடிந்ததும் முளையை மண்ணில்தான் நடவேண்டுமாம். தண்ணீரில் விடுவதில்லை. எனக்கு அதை முன்னர் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பந்தலடியில் ஒலிவ் பீப்பாவுக்குப் பக்கத்தில் முசியே குழி வெட்டினார். நான் மண் தள்ளினேன். ஒன்றும் முளைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே வீட்டை விற்றுவிட்டு அவர் ஊருக்குப் போனார். தகரப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்க நான்தான் மறுபக்கம் பிடித்தேன். “போயிட்டு வாறன்,” என்று அவர் என்னிடம் கற்ற தமிழில் சொன்னார். செப்டெம்பரில் திராட்சை வெட்டும் படம் ஒன்று தபாலில் வந்தது. மதாமின் தமக்கை கூடையோடு நின்றார். முசியே படத்தில் இல்லை, எடுத்தவர் அவராக இருக்கலாம். பிறகு கடிதம் இல்லை. புதிதாக வந்தவர்கள் பந்தலைப் பிடுங்கிக் கார் விடக் கொட்டகை போட்டார்கள்.

அடுத்த நவராத்திரிக்கு நான் நவதானியம் போடவில்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. மூன்றாம் வருடம் மனைவி என்னைக் கேட்காமலே மணல் நனைத்தாள். பத்தாம் நாள் தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்து, “எங்கை கொண்டுபோறது?” என்று கேட்டாள்.

கடல் அங்கிருந்து காரில் முக்கால் மணித்தியாலம். ஓடை பத்து நிமிடம். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வேலியோரம் போனேன். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் லவெண்டர் தானாக வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் குழி வெட்டி முளையை மண்ணில் வைத்தோம். பதிகம் பாடவில்லை. மனைவி பழைய பீரிஸ் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.